எக்ஸ்பி பொட்டியிலேர்ந்து அப்பா பாட்டு

ஒரே வைஃபைல இருந்தும் பழைய எக்ஸ்பி பொட்டியும் புது லேப்டாப்பும் பேசிக்க மாட்டேங்குதா மக்கா? எக்ஸ்பிக்குத் தெரிஞ்ச பாஷை எஸ்எம்பி1 மட்டும்தான். 2017 கடைசியிலேர்ந்து புதுசா போடுற விண்டோஸ்ல அதை மூடித்தான் தர்றாங்க. அந்த வருஷம் வான்னாக்ரை புகுந்தது அதோட ஓட்டை வழியாத்தான். திரும்பத் திறந்து விடுன்னான் ஃப்ரெண்டு. மாட்டேன்னுட்டேன்.

ஆனா உள்ளே இருக்கிறது, மறைஞ்ச அப்பா பாடி வெச்ச 4 ஜிபி பாட்டு. ஹார்ட் டிஸ்க் வேற டக் டக்குங்குது. (யுஎஸ்பி எப்பவோ அவுட்.) நல்லவேளை, அதுல பைதான் 2.7 இருந்துச்சு. அதோட குட்டி வெப் சர்வரை ஓட விட்டு, லேப்டாப் பிரவுசர்ல எக்ஸ்பியோட ஐபி, பக்கத்துல 8000-ன்னு அடிச்சா, பாட்டெல்லாம் வரிசையா நிக்குது! 54 எம்பிபிஎஸ் கார்டு, நிஜத்துல 20 வந்தாலே பெரிசு. அரை மணி நேரம் ஆச்சு. பாட்டுக்கு நடுவுல அப்பா இருமுறதும் சேர்ந்து வந்துருச்சு. வெட்டப் போறதில்லை.

இறக்கினதும் சர்வரை மூடிடுங்க, அதுக்குப் பாஸ்வேர்டு கிடையாது.