காருக்கு ஸ்டெபிலைசர் வாங்கலாமா, டீச்சர்?

 

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். ஒருவர் என் தங்கை மகன். இன்னொருவர் மருமகளின் அண்ணன். "காருக்கு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். பேட்டரியில் மாட்டினால் லைட் பிரகாசமாகும், மைலேஜ் கூடும், பேட்டரி நீண்ட நாள் உழைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?" என்பதுதான் கேள்வி. ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பழையபடி வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நான் இன்ஜினீயர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். இந்தக் கேள்விக்குப் பதில் காண அந்தப் பாடமும் ஓம் விதியும் போதும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் ஓடும் காருக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. கோளாறு உள்ள காரை அது குணமாக்காது. இனி காரணத்துக்கு வருவோம்.

முதல் குழப்பமே பெயரில்தான். நம் வீட்டில் ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறோம். அது சுவர் பிளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஃபிரிட்ஜுக்குப் போகிற மின்சாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். 170 வோல்ட் வந்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்தும், 260 வந்தால் இறக்கும். கடையில் விற்கும் கார் பெட்டி அப்படி நடுவில் உட்காருவதில்லை. இரண்டு வயர், ஒன்று பேட்டரியின் பிளஸ்ஸில், மற்றது மைனஸில். அவ்வளவுதான். பேட்டரிக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறது. திறந்து பார்த்தால் பெரும்பாலும் சில கெபாசிட்டர்கள், ஒரு ஃபியூஸ், வெளியே தெரிகிற மாதிரி ஒரு நீல எல்.இ.டி. விளக்கு. விலை கூடினால் ஒரு சின்ன வோல்ட் மீட்டர். ஜப்பானிலும் மலேசியாவிலும் கார் பிரியர்களிடம் முன்பே பிரபலமான பொருள்தான் இது. இப்போது நம் ஊர் ஆக்சஸரீஸ் கடைகளிலும் கிடைக்கிறது.

இரண்டாவது விஷயம், உங்கள் காரில் ஏற்கெனவே ஒரு ஸ்டெபிலைசர் இருக்கிறது. அதன் பெயர் வோல்டேஜ் ரெகுலேட்டர். பழைய அம்பாசடர் காலத்தில் டைனமோ ஒரு பக்கம், ரெகுலேட்டர் தனிப் பெட்டியாக ஒரு பக்கம் இருந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். இன்றைய கார்களில் அது ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருக்கும், அல்லது இன்ஜின் கம்ப்யூட்டர் அந்த வேலையைப் பார்க்கும். ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. எல்லாம் ஒன்றாகப் போட்டால் வோல்டேஜ் இறங்கப் பார்க்கும். உடனே ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டரின் சுழலும் காந்தச் சுருளுக்குக் கூடுதல் மின்சாரம் கொடுக்கும். காந்தம் பலமாகும், வோல்டேஜ் பழைய நிலைக்கு வரும். லோடு குறைந்தால் சுருளின் மின்சாரத்தையும் குறைத்துவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை நிற்பது இதனால்தான். இதற்கு உதவியாகப் பேட்டரியும் இருக்கிறது.

"பெட்டியில் உள்ள கெபாசிட்டரும் மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்குமே டீச்சர்?" என்று தங்கை மகன் கேட்டான். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டியில் 10,000 மைக்ரோஃபாரட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 14 வோல்ட்டில் அது சேமிக்கும் ஆற்றல், அரை பெருக்கல் 0.01 பெருக்கல் 14-இன் வர்க்கம். ஏறக்குறைய 1 ஜூல். இரண்டு ஹெட்லைட் பல்பும் சேர்ந்து ஒரு விநாடிக்கு 110 ஜூல் சாப்பிடும். அப்படியானால் அந்த 1 ஜூல் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குக்கூடத் தாங்காது. செல்ஃப் மோட்டார் இன்னும் பெரிய பசிக்காரன். அதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட வராது. பெட்டிக்குள் இருக்கும் மின்னூட்டம் 0.14 கூலும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 1,26,000 கூலும். ஏரிக்குப் பக்கத்தில் சொம்பில் தண்ணீர் வைத்தால் ஏரி நிரம்புமா?

பிறகு ஏன் சிலர் "மாட்டியதும் வித்தியாசம் தெரிந்தது" என்கிறார்கள்? எல்லோரும் பொய் சொல்லவில்லை. பெட்டியை மாட்டும்போது மெக்கானிக் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார், பச்சை பூத்திருந்ததைச் சுரண்டுவார், திரும்ப நன்றாக முறுக்குவார். சில பெட்டிகளோடு நாலைந்து தடித்த எர்த் வயர்களும் கொடுத்து, இன்ஜினிலிருந்தும் பாடியிலிருந்தும் பேட்டரி மைனஸுக்கு இழுத்துக் கட்டுவார்கள். பழைய எர்த் துருப்பிடித்திருந்தால் இந்தப் புது வயர் நிச்சயம் வேலை செய்யும். ஆனால் பெயர் பெட்டிக்குப் போய்விடுகிறது.

இதை நேரிலேயே பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. கேள்வி கேட்ட மூவரில் என் மாணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். இரவில் ஆள் ஏற்றிக்கொண்டு சென்னை விமான நிலையம் போய் வருவதுதான் பிழைப்பு. ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று இரண்டு முறை பல்பு மாற்றியும் பயனில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று பின் விளக்கு இல்லாமல் சாலையில் போயிருக்கிறது. "கிட்ட போனப்புறம்தான் டீச்சர் தெரிஞ்சுது. கை காலெல்லாம் நடுங்கிப்போச்சு" என்றார். கடையில் 3,500 ரூபாய்க்கு ஸ்டெபிலைசர் மாட்டச் சொன்னார்களாம். மறுநாள் மாட்டுவதாக இருந்தார். "ஒரு நாள் பொறு தம்பி, அளந்து பார்த்துட்டு வாங்கிக்கலாம்" என்றேன்.

அவர் வகுப்பில் படித்த இன்னொருவர் எங்கள் ஊரில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவர் பட்டறைக்குப் போனோம். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தார். 14.1 வோல்ட். ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர் எல்லாம் சரி. அடுத்து ஹெட்லைட் பல்பின் பின்னால் இருக்கும் பிளக்கில் வைத்தார். 12.4 வோல்ட். நடுவில் 1.7 வோல்ட் எங்கே போயிற்று?

"மைனஸ் பக்கம் மட்டும் தனியா பாருப்பா" என்றேன். "அதைத்தான் டீச்சர் பார்க்கப் போறேன்" என்று சிரித்தார். மீட்டரின் ஒரு முனை ஹெட்லைட்டின் எர்த் வயரில், மறுமுனை பேட்டரி மைனஸில். இரண்டும் எர்த்தான் என்பதால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 1.3 காட்டியது. ஹெட்லைட் எர்த் வயரைப் பாடியில் பிடித்திருந்த போல்ட்டைத் தொட்டுப் பார்த்தோம், நன்றாகச் சுட்டது. கழற்றினால் உள்ளே முழுக்கத் துரு.

இங்கேதான் ஓம் விதி. இரண்டு ஹெட்லைட்டும் இழுப்பது சுமார் 9 ஆம்பியர். துருவின் மின்தடை 0.14 ஓம்தான். பெருக்கினால் ஏறக்குறைய 1.3 வோல்ட். சாதாரண மீட்டரில் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் இவ்வளவு சின்னத் தடை சரியாகத் தெரியாது. மின்சாரம் ஓடும்போது இரு முனைகளுக்கிடையே வோல்ட் அளந்தால்தான் பிடிபடும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது முனை வைத்து, முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். மறுபடி அளந்தால் பல்பில் 13.6 வோல்ட். பார்க்க 1.2 வோல்ட் வித்தியாசம்தான். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்குப்படி கூடும். அந்தக் கணக்குப்படி வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. செலவு 150 ரூபாய். அதையும் நண்பனிடம் வாங்கமாட்டேன் என்று அவர் மறுக்க, இவர் சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பேட்டரி முனையில் ஏற்கெனவே 14.1 வோல்ட் இருந்தது. கோளாறு பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில். பெட்டியோ பேட்டரிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது. மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாயில் உப்பு அடைத்திருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு குடம் வைத்தால் சமையலறைக் குழாயில் தண்ணீர் வருமா?

3,500 ரூபாய் நஷ்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. பெட்டி மாட்டியிருந்தால் நீல விளக்கு எரிந்திருக்கும். "சரிபண்ணியாச்சு" என்ற நிம்மதியோடு அதே மங்கல் வெளிச்சத்தில், பின்னால் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அந்தப் பிள்ளை ராத்திரியில் போயிருப்பார்.

மைலேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஜின் கம்ப்யூட்டர் பேட்டரி வோல்டேஜை எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும் என்று அதற்குத் தெரியும், அந்த நேரத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். நல்ல காரில் பெட்டி மிச்சப்படுத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட எரிபொருள் சேமிப்புக் கருவிகளைப் பரிசீலித்திருக்கிறது. மிகச் சிலவற்றில் மட்டுமே ஏதோ கொஞ்சம் பயன் தெரிந்தது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காரில் பெரிய ஆம்ப்ளிஃபையர் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களுக்கு, ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்திலேயே பெரிய கெபாசிட்டர் இருந்தால் 'தும்' என்ற அடியின் நொடிநேரத் தேவைக்கு ஓரளவு உதவும். ரேடியோவில் வரும் இரைச்சலையும் கெபாசிட்டர் சில நேரம் குறைக்கும். சிக்னலில் தானாக நின்று கிளம்பும் சில புதிய கார்களில் கம்பெனியே ஒரு வோல்டேஜ் நிலைப்படுத்தியை உள்ளே வைக்கிறது. அது வீட்டு ஸ்டெபிலைசர் போல நடுவில் உட்கார்ந்து வேலை செய்வது. கடைப் பெட்டி வேறு, அது வேறு.

மலிவான பெட்டிக்கு ஆபத்தும் உண்டு. பானட்டுக்குள் சூடு அதிகம், கெபாசிட்டருக்குச் சூடு ஆகாது. உள்ளே ஷார்ட் ஆகி, ஃபியூஸும் சரியில்லை என்றால் பேட்டரியின் முழு மின்சாரமும் அந்த வயரில் பாயும்.

சரி, வீட்டுப்பாடம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிட்டு இதைச் செய்யுங்கள்.

1. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பேட்டரியில் அளக்கவும். 12.6 வந்தால் நிறைவு. 12.4 பரவாயில்லை. 12.2-க்குக் கீழே போனால் சார்ஜ் செய்து, பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

2. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டி நின்றாலோ, 13-க்குக் கீழேயே கிடந்தாலோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். சில புதிய கார்களில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரே வேண்டுமென்று வோல்டேஜை ஏற்றி இறக்கும். அதைக் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்பி பெட்டி வாங்கிவிடாதீர்கள்.

3. லைட் மங்கலாக இருந்தால், லைட் எரியும்போதே அதன் எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளக்கவும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் வந்தால் வழியில் எங்கோ துரு அல்லது தளர்ந்த முனை இருக்கிறது.

இந்த மூன்றிலும் உங்கள் கார் தேறிவிட்டால் அந்தக் காசில் பிள்ளைகளுக்கு நல்ல புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எதிலாவது தவறினால் எந்த இடத்தில் எவ்வளவு காட்டியது என்று எண்ணோடு எழுதுங்கள். "லைட் ஒரு மாதிரியா இருக்கு டீச்சர்" என்று எழுதினால் பதில் வராது!

அன்புடன்,
உங்கள் டீச்சர்