ஏறும் கணக்கும் இறங்கும் கணக்கும்

நீண்ட பதிவு. எஞ்சின், கியர்பாக்ஸ் சமாச்சாரம். ஆர்வம் உள்ளவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது.

நெல்லிவாசல்நாட்டில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் மலையை விட்டு இறங்க மனம் வரவில்லை. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன், இப்போது முப்பது வயது, திருப்பத்தூரில் ஒரு பட்டறையில் வெல்டிங்கும் மெக்கானிக் வேலையும் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு வந்து தன் வீட்டுக் களத்தில் இரும்புக் குழாய்களை வளைத்து ஒரு வண்டி கட்டிக்கொண்டிருந்தான். கூரை கிடையாது, கதவு கிடையாது. இரண்டு சீட்டு, நாலு சக்கரம், பின்னால் ஒரு சின்னத் தட்டு.

"இதுக்குப் பேரு என்னடா?"

"பக்கி சார்."

"யாரைத் திட்டற?"

"இல்ல சார், வண்டிக்கே அதான் பேரு. செல்லுல பாருங்க."

பார்த்தேன். அமெரிக்காவில் 1960களில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சினையும் அடிப்பாகத்தையும் எடுத்து, மேலே ஃபைபர் தொட்டி மாதிரி ஒன்றைப் பொருத்தி மணல் மேட்டில் ஓட்டியிருக்கிறார். அங்கிருந்து பரவியதுதான் இது. நம் நாட்டிலும் 2007 முதல் பொறியியல் கல்லூரி மாணவர்கள் பாஹா என்ற போட்டிக்கு இப்படி வண்டி கட்டுகிறார்கள்.

இவனுக்குப் போட்டி எல்லாம் இல்லை. இவன் வீட்டுப் பட்டா நிலம் சரிவில் இருக்கிறது. அறுத்த சாமையும், புளியும், பலாவும் தலைச்சுமையாகத்தான் மேலே வர வேண்டும். சின்ன வயதில் இவன் அம்மாவைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்ததும் அதே சரிவில்தான். அவன் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

முதலில் அவன் கையில் இருந்தது கியர் இல்லாத ஒரு பழைய ஸ்கூட்டரின் 110 சி.சி. எஞ்சின். சும்மா கிடைத்தது. "சார், இது இழுக்குமா?" என்று கேட்டான்.

நோட்டை எடுத்தேன். ஆள், சுமை எல்லாம் சேர்த்து 300 கிலோ. சரிவு ஐந்துக்கு ஒன்று, அதாவது 5 அடி போனால் 1 அடி உயரம். மண் பாதையின் உராய்வையும் சேர்த்தால் தேவையான இழுவை சுமார் 800 நியூட்டன். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 3 குதிரைத்திறன் போதும். எஞ்சினிடம் இருப்பதோ சுமார் 8. பின்னால் ஒரு செயின் போட்டு வேகத்தை இன்னும் குறைத்துக்கொண்டால் தாராளம்.

"ஏறும்டா" என்றேன். கீழே கையெழுத்தும் போட்டேன், பழைய பழக்கம்.

ஏறியது. நானும் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போனேன். மேலே போய் நின்று இரண்டு பேரும் சிரித்தோம்.

இறங்கும்போதுதான் வந்தது வினை.

ஆக்ஸிலேட்டரை விட்டான். எஞ்சின் சத்தம் அடங்கியது. வண்டி அடங்கவில்லை, ஓட ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தான். முதலில் பிடித்தது, அப்புறம் பாதி பிடித்தது, அப்புறம் கருகின வாடை மட்டும் வந்தது. நல்ல வேளை, ஸ்டியரிங்கைத் திருப்பி அறுவடை முடிந்த சாமைக் கொல்லையின் வரப்பில் மோதி நிறுத்தினான். அவனுக்கு மணிக்கட்டு பிசகியது. எனக்கு முழங்காலில் நாலு தையல்.

2022 ஏப்ரலில் எங்கள் மலையில் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் உருண்டு பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் அந்த வாரம் இந்த மலையில் அழாத வீடு இல்லை. அதைப் பார்த்தவன் நான். பார்த்தும், ஏறுவதற்கு மட்டும் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இறங்குவதற்கு ஒரு வரி கூட எழுதவில்லை.

என்ன நடந்தது என்று கண்டுபிடித்தவன் அவன்தான். கையில் கட்டோடு அந்த எஞ்சினைப் பிரித்துவைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் தானாக வேலை செய்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் கிளட்ச் கட்டைகள் வெளியே விரிந்து ஒரு கிண்ணத்தைப் பிடிக்கும், சக்கரம் சுற்றும். எஞ்சின் வேகம் குறைந்தால் கட்டைகள் உள்ளே சுருங்கி, கிண்ணத்தை விட்டுவிடும். அதன் பிறகு சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உறவே இல்லை. வண்டி எவ்வளவு வேகமாக உருண்டாலும் கிண்ணம் மட்டும் தனியாகச் சுற்றும், கட்டைகள் தானாகப் போய்ப் பிடிக்காது. மறுபடி பிடிக்க வேண்டுமானால் ஆக்ஸிலேட்டரைக் கொடுக்க வேண்டும்.

"இறக்கத்துல ஓடற வண்டிக்கு எவன் சார் ஆக்ஸிலேட்டர் குடுப்பான்?" என்றான்.

அதாவது எஞ்சின் பிரேக் இல்லை. மொத்தப் பாரமும் பிரேக் ஷூவின் தலையில். அது எவ்வளவு என்று பிறகு கணக்குப் போட்டேன். 600 கிலோ வண்டி 300 மீட்டர் உயரத்திலிருந்து மெதுவாக இறங்கினால் வெளியாகும் வெப்பத்தில் சுமார் 6 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். எஞ்சின் அதில் பங்கு வாங்காவிட்டால் அத்தனையும் பிரேக் டிரம்மில்தான் இறங்கும்.

மறுபடி எஞ்சின் தேட ஆரம்பித்தோம். இந்த முறை முதல் கேள்வியை மாற்றினேன். எது ஏற்றும் என்று கேட்கவில்லை, எது இறக்கத்தில் பிடிக்கும் என்று கேட்டேன்.

அவன் நண்பர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

புல்லட் 350. சத்தமும் கெத்தும் இருக்கிறது, கியரும் இருக்கிறது. ஆனால் ரிவர்ஸ் கிடையாது. காற்றில் குளிரும் எஞ்சின், சீட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்து மெதுவாக ஏற்றினால் சூடேறிவிடும்.

ஆட்டோவின் ஒற்றை சிலிண்டர் டீசல். கியர், ரிவர்ஸ், எரிபொருள் சிக்கனம் எல்லாம் சரி. ஆனால் ஆட்டம் அதிகம். வெல்டிங் எல்லாம் ஒரு வருடத்தில் விரிசல் விடும் என்று அவனே வேண்டாம் என்றான்.

ஜீப்பின் பெஜோ டீசல். 2,112 சி.சி., எங்கள் மலையை இத்தனை வருடம் சுமந்த எஞ்சின். புல்லிங்கில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இந்தக் குழாய் வண்டி தாங்காத கனம். எஞ்சின் கனத்தால் சட்டம் கனக்கும், சட்டம் கனத்தால் பிரேக் பெரிதாக வேண்டும். கடைசியில் ஜீப்பே வாங்கியிருக்கலாம்.

ஜிப்ஸி எஞ்சின். 1,298 சி.சி., 80 குதிரைத்திறன். பையன் கண் அதில்தான் இருந்தது. "எதுக்குடா 80?" என்றேன். பதில் இல்லை. பாஹா போட்டியில் அணிகளுக்கு ஒரே மாதிரி 10 குதிரைத்திறன் எஞ்சின்தான் கொடுத்துவந்தார்கள். வித்தியாசம் எல்லாம் கட்டுகிறவன் கையில். அதைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கிவந்தான்.

கடைசியில் நின்றது மாருதி 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர், சுமார் 37 குதிரைத்திறன். 1983 டிசம்பரில் வந்து 2014 வரை தயாரான கார் என்பதால் காயலான் கடையில் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. முக்கியமான விஷயம் வேறு. அது முன்சக்கரத்தால் ஓடும் கார். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே பொட்டலமாக இருக்கும். பொட்டலத்தை அப்படியே தூக்கி வண்டியின் பின்னால் வைத்துவிடலாம், புரொப்பல்லர் ஷாஃப்ட் வேண்டாம். பீட்டிலை வைத்து மேயர்ஸ் கட்டியதிலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் இப்படி ஒன்றாகப் பின்னால்தான்.

ஆம்னி வேனிலும் இதே 796 சி.சி. எஞ்சின்தான். ஆனால் அதில் கியர்பாக்ஸ் முன்னால், டிஃபரன்ஷியல் பின்னால், நடுவில் நீள ஷாஃப்ட். எங்கள் சட்டத்தின் நீளத்துக்கு அது சரிப்படவில்லை.

இப்போது கணக்கு. புது எடை, சுமை சேர்த்து 600 கிலோ. முதல் கியரில் எஞ்சின் சுமார் 15 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அதே சரிவில் ஏறத் தேவைப்படுவதைப் போலச் சற்றேறக்குறைய இரண்டு மடங்கு இழுவை வருகிறது. நம் மலை உயரத்தில் காற்று கொஞ்சம் லேசு. 100 மீட்டருக்கு ஒரு சதவீதம் என்று பலம் குறையும். காவலூர் வானாய்வகம் இருக்கும் 725 மீட்டரை வைத்தால் 7 சதவீதம் போகும். போகட்டும், மிச்சம் போதும்.

அடுத்த பக்கத்தில் இறங்கும் கணக்கு. முதல் கியரில், ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு, 10 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் எஞ்சின் சுமார் 1,500 சுற்றில் சுற்றும். உள்ளே காற்று வரும் வழி மூடியிருப்பதால் பிஸ்டன் மூச்சுத் திணறும். அந்தத் திணறல் 15 மடங்காகிச் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். எங்கள் சரிவில் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டால் போதும்.

ஒரே சண்டை டயரில். ஜீப் டயர் போடணும் என்றான். சக்கரத்தின் ஆரம் 25 சென்டிமீட்டரிலிருந்து 33 ஆனால் இழுவையில் கால்வாசி போய்விடும், எஞ்சின் பிடிப்பிலும் அதே கால்வாசி போகும். கெத்துக்காகப் பிடிப்பை விற்காதே என்றேன். 28 என்று சமாதானம் ஆனோம்.

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அவன் சொன்ன சில விஷயங்கள். பொட்டலத்தைப் பின்னால் நகர்த்தும்போது கார் எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் ஒரு கியர் முன்னால் போகும், நாலு கியர் பின்னால் போகும்! காரில் திரும்பிக்கொண்டிருந்த சக்கரங்கள் இப்போது பின்னால் வருவதால், ஸ்டியரிங் கம்பி இருந்த இடத்தில் திரும்பாதபடி சட்டத்தோடு பூட்டிவிட வேண்டும். ரேடியேட்டருக்குப் பின்னால் காற்று வராது, முன்னால் வையுங்கள், மின்விசிறியும் வையுங்கள். நாலு சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும், ஹேண்ட் பிரேக் தனியாக வேண்டும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வண்டி பொது ரோட்டில் ஓடக் கூடாது. பதிவில்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, அடிபட்டவனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தராது. காப்புக்காட்டுக்குள்ளும் கூடாது. சொந்தப் பட்டா நிலத்தில் மட்டும்தான். எஞ்சினுக்காக ஒரு காரை அறுத்தால் அந்தக் காரின் ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, 14 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. அவனைக் கூட்டிப்போய் அதை முடித்த பிறகுதான் கட்டர் மிஷினைத் தொட விட்டேன்.

போன மாதம் வண்டி தயார். இந்த முறை ஏற்றத்தில் சோதிக்கவில்லை. காலி வண்டியை டிராக்டரில் கட்டி மேலே கொண்டுபோய், முதல் சோதனையே இறக்கத்தில். டிராக்டர் பின்னால் கயிறு பிடித்துக்கொண்டே வந்தது. முதல் கியர், கால் எதிலும் இல்லை. ஊம் என்ற ஒரே சத்தத்தோடு எருமை மாதிரி நிதானமாக இறங்கியது. இரண்டாம் முறை கயிறு இல்லாமல். மூன்றாம் முறை நான் உட்கார்ந்தேன். முழங்கால் நடுங்கியது, மறைக்க மாட்டேன்.

கீழே வந்ததும் அவன் கேட்டான்: "சார், இதுல உடம்பு முடியாதவங்கள ஏத்தலாமா?"

இதற்குத்தான் இத்தனையும் என்று எனக்கு முதலிலேயே தெரியும். "ஒரு மழைக்காலம் போகட்டும்டா. ஈரத்துல எப்படிப் பிடிக்குதுன்னு பார்க்கணும். அதுவரைக்கும் சாமை மூட்டை மட்டும்" என்றேன். முகம் வாடியது. ஆனால் தலையாட்டினான்.

அந்தப் பழைய நோட்டை எடுத்து, நான் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, "விடை முழுமையில்லை" என்று எழுதி அவனிடமே கொடுத்துவிட்டேன். பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறானாம்.

மலையில் வண்டி ஓட்டும் பிள்ளைகளே, இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள்.