ஏரியும் எருமையும் நானும்

ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்று உலகம் நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. திருவையாற்றுக்கு அருகில் ஒரு கிராமம் என் சொந்த ஊர். கொல்லைப்புறம் இறங்கினால் குடமுருட்டி. சிறுவயதில் மூங்கில் குச்சியும் மண்புழுவும் கொண்டு விரல் நீளக் கெண்டைகள் பிடித்தது உண்மைதான். நான் மைசூருக்கு வந்த இரண்டு வருஷத்தில் அவை முழ நீளம் வளர்ந்துவிட்டன. தண்ணீரே இல்லாமல் வளர்ந்த மீன்கள் அவை மட்டுந்தான்.

அவை வளர்ந்த இடம் என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய வீட்டுச் சாப்பாட்டு அறை. அவனுடைய தாயாரை நானும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். ஞாயிறு தவறாமல் எனக்கு அங்கேதான் சாப்பாடு. (விடுதிச் சாப்பாட்டைப் பற்றிச் சங்க நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) முதல் வருஷம் விஷ ஜுரத்தில் பத்து நாள் படுத்தேனே, அப்போது தூக்குப்பாத்திரத்தில் கஞ்சி வந்ததும் அந்த வீட்டிலிருந்துதான். கைம்மாறாக இரண்டொரு தரம் பழம் வாங்கிக்கொண்டு போனேன். "கடைப் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வராதே, மகா" என்று திருப்பி என் பையிலேயே போட்டுவிட்டார்.

வாங்கிய பண்டந்தானே ஆகாது? பிடித்த பண்டம் ஆகும் அல்லவா? ஐப்பசி பிறந்ததும் ஒரு ஞாயிறன்று சாப்பாட்டுக்கு நடுவே அறிவித்துவிட்டேன்: "அம்மா, அடுத்த வாரம் மீன் என்னுடையது. கெண்டை. என் கையால் பிடித்தது." அவர் சந்தோஷப்பட்டதோடு நிற்கவில்லை. மண்டியாவிலிருக்கும் தம் அக்காவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

சொல்லியாயிற்று, எங்கே பிடிப்பது? நம் மானசகங்கோத்திரியை ஒட்டியே குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. 1864-ல், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அமைத்தது, ஆர். கே. நாராயண் உலாவிய கரை. அங்கே நடக்கலாம், உட்காரலாம், கவிதை எழுதலாம், தூண்டில் போடுவதற்கில்லை. ரங்கனதிட்டோ 1940 முதல் பறவைகளின் சரணாலயம். அங்கே மீன் பிடிக்கும் உரிமை நாரைகளுக்கும் முதலைகளுக்குமே உண்டு. மீன் கதை என்று வந்தால் மைசூர் ஒன்றும் சளைத்த ஊரல்ல. வேட்டை விலங்குகளைப் பாடம் செய்து பேர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், 1946-ல் 120 ராத்தல் எடையுள்ள மஹசீர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். ஏறக்குறைய 54 கிலோ; கிட்டத்தட்ட நான்! மஹசீரும் கெண்டைக் குடும்பந்தான். காவிரியின் திமில் மஹசீர் அடியோடு அழியும் ஆபத்திலிருக்கும் இனம் என்று 2018-ல் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதன் பக்கம் நாங்கள் தலைவைத்துப் படுக்கவில்லை.

கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இப்பால் ஒரு கிராமத்து ஏரி கிடைத்தது. குத்தகைக்காரர் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, "இரண்டு தூண்டில், ஒரு பகல், வலை கூடாது" என்று அனுமதி கொடுத்தார். கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை நான்கும் விட்டிருப்பதாகச் சொன்னார். முதல் மூன்றும் வடநாட்டு ஆற்று மீன்கள்; தேங்கிய நீரில் தாமாக முட்டையிடா. 1957-ல் ஒரிசாவில் ஹீராலால் சௌதுரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு அவற்றை முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சுகள் தேசமெங்கும் போய்ச்சேர வழி பிறந்தது. சாதாக் கெண்டை அயல்நாட்டிலிருந்து 1939-ல் உதகமண்டலத்துக்கு வந்தது. ஆக, அந்த ஏரியில் நானும் மீன்களும் எல்லோருமே வெளியூர்!

ஞாயிறு விடியற்காலை அம்மா இரண்டு ராகி முத்தெ உருட்டிக் கொடுத்தார். ஒன்று எங்களுக்கு; மற்றொன்றில் கடலைப் பிண்ணாக்கைச் சேர்த்துத் தம் கையாலேயே பிசைந்து, "இது உன் கெண்டைக்கு" என்றார். தோழனுடைய மோட்டார் சைக்கிளில் பெங்களூர்ச் சாலையில் புறப்பட்டோம். சித்தலிங்கபுரத்தில் சுப்பிரமணியர் கோயில் வந்தது. "இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாமா? உங்கள் ஊர்ச் சாமி" என்றான். "திரும்பி வரும்போது மீனோடு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன் நான். விஞ்ஞான மாணவனாகிய நான் இதற்கும் அதற்கும் சம்பந்தம் கற்பிக்க விரும்பவில்லை. ஆனாலும் அங்கிருந்து கால் மைல் போவதற்குள் பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. கடை திறந்து ஒட்டுப்போட்டுக் கிளம்பும்போது மணி பத்து.

ஏரிக்கரையில் புங்கமர நிழலாக ஓர் இடம் பார்த்து, பிசைந்த ராகியில் பாதியை உருண்டை உருண்டையாகத் தண்ணீரில் எறிந்தேன். கெண்டையைக் கூட்ட அதுதான் வழி. தக்கை ஆடாமல் நின்றது. அரை மணி நேரத்தில் லேசாக ஒரு துடிப்பு, பிறகு இன்னொன்று. மீன் கூடிவிட்டது! தோழனிடம் கண்ணைக் காட்டினேன். அந்தச் சுபவேளை பார்த்து, பின்னாலிருந்து பதினொரு எருமைகள் வந்தன. (எண்ணினேன், வேறு வேலை இல்லை.) மேய்த்து வந்த பெரியவர் அவற்றை நேரே எங்கள் தக்கைக்கு எதிரில் இறக்கிவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "மீன் விழுந்ததா?" என்று அன்போடு விசாரித்தார்.

கெண்டைக்குக் காது பலம் அதிகம். அதன் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் நடுவே சிற்றெலும்புகள் சங்கிலிபோல் கோத்திருக்கின்றன. ஜெர்மானியரான வீபர் 1820-லேயே இதை விவரித்துவிட்டார். தண்ணீரில் எழும் அதிர்வைக் காற்றுப்பை வாங்கி எலும்புகள் வழியே செவிக்கு அனுப்பிவிடும். பரீட்சையில் இதற்குப் படம் போட்டு முழு மார்க் வாங்கியிருக்கிறேன். பதினொரு எருமைகள் ஒருசேர முழுகினால் அந்த எலும்புகள் என்ன சேதி சொல்லும் என்பதை மட்டும் அன்றுதான் படித்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். இடம் மாறினோம். என் தூண்டில் முள் தோழனுடைய சட்டைக் காலரில் ஏறியது. அவனுடையது ஆகாயத்தாமரையில் ஏறியது. ஒரு நண்டு இரண்டு தரம் இரையைக் கொய்துகொண்டு போயிற்று. எங்கள் பங்குக்கு வைத்திருந்த முத்தெயை, நாங்கள் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஒரு நாய் சாவகாசமாகத் தின்று முடித்தது. இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து டெலிபோன். "மீன் கிடைத்ததா? மசாலா அரைத்துவிட்டேன். பெரியம்மா வந்தாயிற்று." தோழன் என் முகத்தைப் பார்த்தான். "வந்துகொண்டே இருக்கிறது, அம்மா" என்றான்.

நாலு மணி சுமாருக்கு மேற்கே மேகம் கறுத்தது. கடைசி ராகியை முள்ளில் வைத்துப் போட்டேன். தக்கை துடிக்கவில்லை. சாய்ந்து, மெல்ல நடந்து, நீருக்குள் போய்விட்டது. சாதாக் கெண்டை அப்படித்தான். தாடையில் பல் இல்லை, உறிஞ்சிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் துப்பிவிடும். பிடித்தால் அலுங்காமல் கிளம்பும். கோலைத் தூக்கினேன். மறுமுனையில் ஒரு கனம்! அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏரியே இழுத்தது போலிருந்தது. சக்கரத்திலிருந்து நரம்பு ஓடிற்று. நான் விட்டேன், இழுத்தேன், விட்டேன். ஒரு முறை நீர்மட்டத்தில் புரண்டது. வெண்கலப் பானையின் பக்கவாட்டுப்போல் ஒரு மஞ்சள் விலா. தோழன் முழங்கால் நீரில் துண்டை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டான். மூன்று பாக தூரம் இருக்கும், கை லேசாயிற்று.

"பாறையில் உரசி அறுந்துவிட்டது. உன் துரதிருஷ்டம்" என்றான் அவன். நான் நரம்பைச் சுற்றி எடுத்தேன். அதன் நுனி பன்றி வால்போல் சுருண்டிருந்தது. உரசி அறுந்த நுனி சொரசொரவென்றிருக்கும். அவிழ்ந்த முடிச்சுத்தான் அப்படிச் சுருட்டிக்கொள்ளும். முடிச்சுப் போட்டவன் நான். அவனும் அந்த நுனியைப் பார்த்தான். மறுபடியும் "பாறைதான்" என்றான். மழை பிடித்துக்கொண்டது.

நனைந்துகொண்டே ஊர் திரும்பினோம். வழியில் ஒரு மீன் கடை வெளிச்சமாகத் திறந்திருந்தது. "நிறுத்து" என்றேன். அவன் நிறுத்தினான், வண்டியை விட்டு இறங்கவில்லை. பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து இரண்டு கிலோ கட்லா ஒன்று வாங்கி, ஏரித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த என் பைக்குள் வைத்தேன். வீடு போகும்வரை நாங்கள் பேசவில்லை.

பெரியம்மா வாசலிலேயே கைதட்டினார். அம்மா மீனை இரண்டு கையாலும் வாங்கினார். வாயைத் திருப்பிப் பார்த்தார். "முள் குத்திய காயமே இல்லையே?" "தொண்டையில் மாட்டியது, அம்மா" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா! அவர் ஒன்றும் சொல்லாமல் அரிவாள்மணை முன் உட்கார்ந்து வயிற்றைக் கீறினார். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. நீண்ட குடல் மட்டுந்தான். அதைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என் ராகி எங்கே, மகா?"

தோழன் கூரையைப் பார்த்தான். எனக்குக் காது சுட்டது. கடைப் பண்டம் வாங்கி வந்ததற்காக அல்ல. அந்த மனுஷி விடிய நாலு மணிக்கு எழுந்து பிசைந்த கையை நினைத்துத்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: ஆணி, எருமை, நாய், நழுவிய மீன். "பாறை" என்று தோழன் ஆரம்பித்தான். "பாறை இல்லை, என் முடிச்சு" என்றேன். குடமுருட்டி மீன்கள் விரல் நீளந்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

எருமைகள் இறங்கிய கட்டத்தைப் பெரியம்மா இரண்டாந்தரம் சொல்லச் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. சாறு கொதித்து இறங்கியதும் மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தார். அந்த வீட்டில் அது விருந்தாளிக்கு உரியது.

"கிலோ என்ன விலைக்கு வாங்கினாய்?"

சொன்னேன்.

"அதிலும் ஏமாந்துதான் வந்திருக்கிறாய்" என்றார்.