தென்னையின் தேறல்

பீடோங்கிலிருந்து மெர்போக் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் செமிலிங். ஒருபால் ஜெராய் மலை ஓங்கி நிற்க, மறுபால் மெர்போக் ஆறு கடல் நோக்கிச் செல்லும் இப்பகுதியில் திராட்சைக் கொடி இல்லை. ஆயினும் இவ்வட்டாரத் தோட்டங்களில் ஒரு மது இருந்தது. பால்மரம் வெட்டிய தமிழர் அறிந்த அம்மது தென்னங்கள்.

மேனாட்டார் போற்றும் மது குளிரின் குழந்தை. கலிபோர்னியாவின் சோனோமா கடற்கரையிலும் நியூசிலாந்தின் மார்ல்பரோவிலும் கடற்காற்றுத் திராட்சையை மெல்லக் கனிவிக்கிறது; புளிப்புக் குன்றாமலே இனிப்பு ஏறுகிறது. வெள்ளை மதுவுக்குரிய சாற்றைப் பெரும்பாலும் 12 முதல் 18 பாகை வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் நொதிக்க விடுவர். பின்னர் அது மாதக்கணக்கில் தெளிந்து அடங்கும். அங்கே காலம் மனிதனுக்குத் துணை நிற்கிறது.

தென்னைக்கு அவ்வாய்ப்பு இல்லை. விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, காலையும் மாலையும் கழியால் மெல்லத் தட்டிப் பல நாள் பதப்படுத்துவர். பின்பு நுனியைச் சீவிக் கலயம் மாட்டுவர். சீவல் தாள்போல் மெலிதாக இருத்தல் வேண்டும். தடித்தால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். கைப்பழக்கத்தால் வரும் இந்நுட்பத்தை எந்த நூலும் கற்பித்ததில்லை. சொட்டும் சாற்றில் ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடு சர்க்கரை உண்டு. கலயத்திலும் காற்றிலும் உள்ள நொதியுயிர்கள் சொட்டும்போதே வேலையைத் தொடங்கிவிடும். ஒரு நாளுக்குள் மதுச்சத்து 4, 5 விழுக்காடாகும். அதன்பின் புளித்துக் காடியாகும். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழும் அதே சாறு நொதியாது, பதநீராகும்.

ஒரு நாளில் கெடும் பொருளை அன்றே விற்றாக வேண்டும். அதற்கு நாள்தோறும் தவறாமல் குடிப்போர் அருகிலேயே வேண்டும். தோட்டத்தில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. விடியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டிப் பாலெடுத்துக் களைத்துத் திரும்பும் தொழிலாளியின் லயத்து வீட்டருகிலேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. கள் இல்லையேல் கொடிய சாராயத்தை நாடுவர் என்று ஆள்வோர் காரணம் கூறினர். கடையின் ஆதாயம் தொழிலாளர் நலனுக்கே செலவாகும் என்றும் சொல்லப்பட்டது. தொழிலாளியின் கூலியை அவன் குடியின் வழியே வாங்கி, அதில் ஒரு பங்கை நன்மையாகத் திருப்பித் தருவதை அறம் என்பதா, கணக்கு என்பதா? சம்பள நாளில் அடுப்பு எரியாத வீட்டுப் பெண்ணுக்கு அதன் விடை தெரிந்திருந்தது.

தோட்டப் பள்ளி ஆசிரியர்க்கும் இதில் ஓர் இக்கட்டு உண்டு. அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்டதை ஔவை நெகிழ்ந்து பாடியதை அவர் கற்பிக்க வேண்டும். கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் வகுத்த பத்துக் குறளையும் கற்பிக்க வேண்டும். கேட்டிருக்கும் சிறுவனின் தந்தையோ அவ்வேளை கடை வாயிலில் நிற்பான். ஔவையின் கள் நட்பில் பிறந்த கொடை. தோட்டத்துக் கள் கூலியிலிருந்து கழியும் காசு. இவ்வேறுபாட்டை விளக்காமல் அப்பாடலை நடத்துவது வீண்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒன்று. போருக்குப்பின் கெடாவிலேயே அத்தீ மூண்டது. ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, தோட்டம் தோட்டமாகக் கள்ளுக்கு எதிராகத் தொழிலாளரைத் திரட்டியது. செமிலிங்கை அடுத்த பீடோங்கில் 1947 பிப்ரவரி இறுதியில் கள்ளெதிர்ப்பையொட்டிக் காவல்துறையினரோடு மோதல் மூண்டது. அதில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். குடிக்கும் உரிமைக்காகப் போராடியோரை உலகம் கண்டதுண்டு. தங்கள் குடியையே ஒழிக்கக் கோரி அடிபட்ட கூலிகளின் கதை பாடநூலில் ஒரு வரிக்கேனும் தகுதியுடையது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கள்ளுக்கடைகளும் படிப்படியாக மறைந்தன. ஆனால் அவ்விடத்தைப் பதநீர் பிடிக்கவில்லை. குப்பியில் அடைத்த மலிவான சம்சு பிடித்தது. அது கெடுவதில்லை, எங்கும் எடுத்துச் செல்லலாம், கள்ளைவிடப் பன்மடங்கு கடுமையானது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள்.