சிறு திரையும் காய்த்த விரலும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பிலே, கூடலூரிலிருந்து வரும் சாலை மலபார்ச் சமவெளியை நோக்கி இறங்கத் தொடங்குமிடத்தில் அமைந்துள்ளது எங்கள் நாடுகாணி. வானம் தெளிந்திருக்கும் நாளில் நிலம்பூர்ப் பக்கத்து நாடு முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். ஊருக்கு ஏற்ற பெயர்தான். ஆனால் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை நாடும் தெரியாது, எதிர்வீடும் தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் மலை இது. ஆகவே இங்கு வாழ்வோருக்கு மழை என்பது பொழுதுபோக்காகப் பேசும் பொருளன்று. இன்றிரவு வீட்டில் படுக்கலாமா, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறிடம் செல்லவேண்டுமா என்னும் கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

2019 ஆகஸ்டு 8ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இம்மாவட்டத்து அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்றிரவே நிலம்பூரையடுத்த கவளப்பாறையில் மலை சரிந்து 59 பேரைக் கொண்டுபோயிற்று. நாடுகாணிச் சுரத்திலும் நிலம் சரிந்து போக்குவரத்து நின்றது. பின்னர் 2024 ஜூலை 30இல் வயநாட்டு முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்த செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே மாண்டோர் பலரின் உடல்களைச் சாலியாறு நிலம்பூர் வரை சுமந்து வந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த மக்களும் அவர்களுள் இருந்தனர்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு சரிவு உண்டு. நாங்கள் இருவரும் கூடலூருக்கு வேலைக்குச் சென்றுவிடுவோம்; வீட்டில் இருப்பவர்கள் தாயாரும் இரு பிள்ளைகளும். மழையை நாமே அளந்தால் என்ன என்ற எண்ணம் அதனால் எழுந்தது. மூத்தவன் பள்ளியில் கணிப்பொறி பயில்கிறான். 2012 பிப்ரவரி 29 அன்று முதன்முதலாக விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுள்ள கணிப்பொறியைப் பற்றி அவன் எங்களுக்குச் சொன்னான். மழைமானி ஒன்றையும் வாங்கினோம். அதனுள்ளே ஏற்றப்பலகை போல இரு சிறு கிண்ணங்கள் உள்ளன. ஒன்று நிறைந்ததும் சாய்ந்து நீரைக் கொட்டும், மற்றது மேலெழும். ஒவ்வொரு சாய்வும் 0.2794 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். சாயும்போதெல்லாம் ஒரு காந்தம் சிறு சுவிட்சைக் கடக்கும். கணிப்பொறி ஒன்று எனக் கணக்கிடும். இதில் மாயம் ஒன்றுமில்லை.

கணக்கு சரியாகவே வந்தது. அதைப் பார்ப்பதுதான் அரிதாயிருந்தது. பெட்டியிலே ஒரு பச்சை விளக்கு மின்னுமேயன்றி வேறொன்றும் வெளியே தெரியாது. மடிக்கணினியைத் திறந்து கட்டளை எழுதவேண்டும், அன்றேல் செல்பேசியில் பார்க்கவேண்டும். ஆனி ஆடியில் மின்சாரம் போனால் செல்பேசிக் கோபுரமும் சில மணி நேரத்தில் மௌனமாகிவிடும். எவருக்கு அந்தச் செய்தி வேண்டுமோ, அவருக்கு அது கிட்டாது. "வாளிக்குத் தெரியுது, பெட்டிக்குத் தெரியுது, எனக்கு மட்டும் தெரிய மாட்டேங்குது" என்றார் தாயார். அதற்குப் பின்னரே சிறு தொடுதிரை ஒன்றை இணைப்பது பற்றி யோசித்தோம்.

தொடுதிரையின் வரலாறு நாம் நினைப்பதைவிட நீளமானது. இங்கிலாந்தில் மால்வெர்ன் நகரத்து ராடார் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான்சன் என்பவர் 1965இலேயே அதைப்பற்றி எழுதினார். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில், ஆயிரக்கணக்கான பொத்தான்களால் நிறைந்திருக்கவேண்டிய கட்டுப்பாட்டு அறையைச் சுருக்குவதற்காக, பென்ட் ஸ்டம்ப் என்னும் பொறியாளர் 1973இல் ஒரு தொடுதிரையை உருவாக்கினார். இன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் 2.8 அங்குலத் திரையில் 240க்கு 320 என 76,800 புள்ளிகள் உள்ளன. நான்கைந்து கம்பிகளில் செய்தி பாய்ந்து, ஒரு நொடிக்குள் படம் பலமுறை மாறுகிறது.

எந்தத் திரையை வாங்குவது என்பதிலே சற்று நிற்கவேண்டும். இக்காலத்துச் செல்பேசிகளின் கண்ணாடி, விரலிலுள்ள ஈரப்பதத்தையும் உடலின் மின்தன்மையையும் கொண்டே தொடுதலை உணர்கிறது. எங்கள் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை அவர். அவ்வாறு வந்தோருக்கென்றே 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில்தான் அவருடைய இளமை கழிந்தது. அவ்விரல்கள் காய்ப்பேறி, வறண்டு, ரேகை தேய்ந்தவை. ரேஷன் கடை ரேகைக் கருவி இத்தகைய விரல்களைக் கண்டு திகைப்பதை மலைத்தோட்டத்து வாசகர்கள் எல்லோரும் அறிவர். செல்பேசிக் கண்ணாடியும் அவ்வாறே. அவர் மூன்று முறை தொட்டால் ஒருமுறை கேட்கும். மழைக்காலத்தில் ஈரக்கை வேறு. தண்ணீர்த் துளியையே விரலென்று எண்ணிக்கொள்ளும்.

ஆகவே அழுத்தத்தை உணரும் பழைய வகைத் திரையையே தேர்ந்தோம். மேலே மெல்லிய படலம், கீழே கண்ணாடி, நடுவே நுண்ணிய இடைவெளி. அழுத்தும் இடத்தில் இரண்டும் ஒட்டுகின்றன. அவ்விடத்து மின்னழுத்தத்தைச் சிறு சில்லு ஒன்று அளந்து, குறுக்கே இவ்வளவு, நெடுக்கே இவ்வளவு என்று இரு எண்களாகச் சொல்கிறது. விரலாயினும் நகமாயினும் குச்சியாயினும் கையுறையாயினும் அதற்கு வேற்றுமை இல்லை. புதிய வகையே உயர்ந்தது என்று கடைக்காரர் கூறுவார். இரு விரலால் படத்தை விரிக்க விரும்புவோருக்கு அது பொருந்தலாம். எங்களுக்குத் தேவை, இந்த ஒரு விரல் சொல்வதைக் கேட்கும் திரை.

முதலில் திரையின் மூலைகளை அழுத்திக் காட்டி அளவைச் சரிசெய்யவேண்டும். மகன் தன் விரலால் செய்யப் போனான். "அப்பாயி, நீங்களே அழுத்துங்க" என்று இளையவள் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தாள். அது நல்லதாயிற்று. ஒவ்வொருவர் விரலும் சாயும் கோணம் வேறு. பொத்தான்கள் இரண்டே. ஒன்று 'இன்று', மற்றொன்று 'நேற்று'. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம்.

தமிழில் எழுதுவது தனிக் கதை. 'பெய்த மழை' என்று திரையின் தலைப்பில் இட விரும்பினோம். கணிப்பொறி அதைச் சேமிக்கும்போது முதலில் பகரத்தையும் அடுத்து எகரக் கொம்பையும் வைக்கிறது. நாமோ கொம்பை முன்னால் எழுதுகிறோம். சிறு திரைகளுக்கென வழங்கும் எளிய நிரல்கள் வந்த வரிசைப்படியே ஒவ்வொன்றாக வரைந்துவிடுகின்றன. கொம்பு பின்னால் போயிற்று, யகரத்தின் புள்ளி தனியே நின்றது. "எழுத்தெல்லாம் சறுக்கி விழுந்து கிடக்கு" என்று தாயார் சிரித்தார். அவர் இலங்கைத் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். ஆயினும் எழுத்துப் பிழை பொறுக்கமாட்டார்.

ஆங்கிலத்தில் 'ரெயின்' என்று போட்டுவிட்டால் போதுமே என்று சில நண்பர்கள் சொன்னார்கள். நாங்கள் இசையவில்லை. ஆபத்து வேளையில் பார்க்கவேண்டிய ஒன்றைப் பிறமொழியில் எழுதி வைப்பது, மருந்துக் குப்பியின் மேல் புரியாத எழுத்தில் 'நஞ்சு' என்று எழுதுவதற்கு ஒப்பாகும். தீர்வும் கடினமன்று. ஹார்ஃப்பஸ் என்னும் இலவச மென்பொருள் இந்திய எழுத்துகளை முறைப்படி கோத்துத் தரும். அதனால் சொல்லை முதலில் முழுப் படமாக்கி, அப்படத்தைத் திரைக்கு அனுப்பினால் கொம்பும் புள்ளியும் தத்தம் இடத்தில் அமர்ந்துவிடும். நோட்டோ என்னும் இலவசத் தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தினோம்.

மற்றவை சிறு வேலைகள். எங்களிடமுள்ள பலகையில் கடிகார மின்கலம் இல்லை. இணையமின்றித் தொடங்கினால் நேரம் தவறும், நேரம் தவறினால் 'இன்று' எது என்பதே தவறும். அதற்கென ஒரு கடிகாரச் சில்லைச் சேர்த்தோம். திடீரென மின்சாரம் நின்றால் நினைவட்டை கெடக்கூடும்; மின்கலப் பெட்டி ஒன்று தாங்கிக்கொள்கிறது. இரவில் திரை ஒளி ஈசல்களை அழைப்பதால், தொட்டால் மட்டும் ஒரு நிமிடம் ஒளிரும்படி செய்தோம்.

திரையின் நிறம் எப்போது மாறவேண்டும் என்பதை இந்திய வானிலைத் துறையின் அளவுகளைப் பார்த்து முடிவு செய்தோம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை. தோட்டத்தில் மழையை அங்குலத்திலும் செண்டிலும் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் தாயார். ஆகையால் கீழே சிறிய எழுத்தில் அங்குலமும் வரும். இரண்டாம் நிறம் வந்தால் எவரையும் கேட்க வேண்டியதில்லை, பிள்ளைகளோடு மேட்டுத் தெருவிலுள்ள சின்னம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று குடும்பமாகப் பேசி வைத்திருக்கிறோம். எங்களுக்குத் தொலைபேசி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மழைமானி மண்சரிவை முன்னறிவிக்காது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊற்றுநீர் கலங்குகிறதா, சரிவில் வெடிப்பு ஓடுகிறதா, மரம் சாய்கிறதா என்று பார்க்கும் வேலையைத் தாயார் எந்தத் திரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

சென்ற ஆடியில் ஒரு மாலை நாங்கள் பேருந்தின்றிக் கூடலூரிலேயே தங்க நேர்ந்தது. செல்பேசியும் இல்லை. மறுநாள் வந்து பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது. திண்ணையில் குடைகள் இல்லை. சின்னம்மா வீட்டில் மூவரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். "நூத்திப் பதினெட்டு காட்டிச்சு, கெளம்பிட்டோம்" என்றார் தாயார், சந்தைக்குப் போய்வந்த செய்தி சொல்வதுபோல. சரிவு அன்று அசையவில்லை. வீண் அலைச்சல் என்று எவரும் சொல்லவுமில்லை.

இப்போது பங்கிலுள்ள சில இளைஞர் தங்கள் வீடுகளுக்கும் இவ்வாறு செய்து தரக் கேட்கிறார்கள். எங்கள் மகன் திரையிலே விளையாட்டு ஒன்றும் சேர்க்க ஆசைப்படுகிறான். அதற்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. தாயாரோ ஒவ்வொரு நாள் காலையும் எட்டரை மணிக்கு 'நேற்று' பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, முற்றத்தில் தாம் வைத்திருக்கும் கண்ணாடிக் குப்பியையும் அளக்கிறார். பெருமழையில் கிண்ணங்கள் சாய்ந்து மீள்வதற்குள் சிறிது நீர் கணக்கில் சேராமல் போகும். ஆகையால் திரை 66 என்றால் குப்பி 71 என்கிறது. நாட்காட்டித் தாளில் பென்சிலால் அவர் எழுதி வைப்பது குப்பியின் கணக்கைத்தான்.