தழும்பு

ஓசூரில், சந்திரசூடேஸ்வரர் மலை தெரியும் ஒரு ஸ்டூடியோவில், அம்மாவின் பழைய படத்தைக் கம்ப்யூட்டர் ஆல்பத்துக்காகக் கொடுத்திருந்தேன். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் பையன், கெட்டிக்காரன். மங்கிப்போன கறுப்பை மறுபடி கறுப்பாக்கினான். 'குளோன் ஸ்டாம்ப்' என்ற கருவியால் பக்கத்துத் தோலை எடுத்துப் பூஞ்சைப் புள்ளிகளின் மேல் ஒட்டினான். அந்த வேகத்தில் அம்மாவின் வைசூரித் தழும்புகளும் போய்விட்டன! 1977இல் இந்தியாவில் ஒழிந்ததென்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று கூறிய நோய். அவனுக்கு எங்கே தெரியும்?

"அழகா இருக்காங்களே, சார்!" என்றான்.

அழகாகத்தான் இருந்தாள். ஆனால் என்னை வளர்த்தவள் அவளில்லை.

நல்ல வேளை, அசலைத் தொடாமல், பிரதியொன்றை அதன்மேல் அடுக்கி, அதில்தான் வேலை செய்திருந்தான், 'லேயர்' என்கிறார்கள். மேலடுக்கில் முகத்தை மட்டும் மெல்ல அழித்தான். ஒவ்வொரு தழும்பாக அம்மா திரும்பி வந்தாள். கன்னத்துப் பூஞ்சைப் புள்ளி ஒன்றும் கூடவே வந்தது.

"இதையும் விட்டுடட்டுமா, சார்?" என்று கேட்டான்.