இறங்கத் தெரிந்தவர்கள்

நுழையும்முன்…

விளையாட்டு என்றவுடன் வென்றவரின் பெயரே நினைவுக்கு வருகிறது. அவ்வெற்றிக்கு உழைத்த பிற கைகளை உலகம் விரைவில் மறந்துவிடுகிறது. ஆனால், பகலும் இரவும் ஓயாது நடைபெறும் மகிழுந்து நெடும்பந்தயங்களைத் தனியொருவரால் வெல்ல இயலாது. ஓட்டுநர் இருக்கையில் அமரும் திறனோடு, உரிய பொழுதில் அதைவிட்டு இறங்கும் திறனும் அங்கே வேண்டப்படுகிறது. அந்த இரண்டாவது திறனைப் பற்றியது இப்பாடம்.

தறியும் சாலையும்

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மதுரைக்குச் செல்லும் சாலையை ஒட்டி அமைந்துள்ள நெசவூர் சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைக்கும் செயற்கைப் பட்டுச் சேலைக்கும் பெயர்பெற்றது. அங்கு உருவாகும் ஒரு சேலையை ஒருவரே உருவாக்கினார் என்று சொல்வதற்கில்லை. நூலுக்குச் சாயம் ஏற்றுபவர் ஒருவர். பாவு ஓட்டுபவர் வேறொருவர். தார் சுற்றித் தருபவர் வீட்டில் உள்ள பெண்டிரோ முதியவரோ. தறியில் அமர்ந்து நெய்பவர் மற்றொருவர். நெய்பவர் களைத்து எழுந்தால், அவ்விடத்தில் வீட்டாருள் இன்னொருவர் அமர்வார். நெசவு அறுபடுவதில்லை. முடிந்த சேலையைப் பிரித்துப் பார்ப்பவர், எந்த இழையில் கை மாறியது என்று கண்டறியக் கூடாது. அதுவே நல்ல நெசவு.

இவ்வூரின் அருகே செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலை 44. வடக்கே சீநகரில் தொடங்கித் தெற்கே கன்னியாகுமரியில் முடியும் அச்சாலையின் நீளம் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். சரக்குந்தில் இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டினாலும், அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடையப் பல நாள்கள் ஆகும். 2010ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெற்ற பந்தயத்தில், முதலிடம் பெற்ற ஆடி மகிழுந்து 24 மணி நேரத்தில் ஓடிய தொலைவு 5,410 கிலோமீட்டர். நெடுஞ்சாலை 44 முழுவதையும் கடந்து, மேலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியதற்கு இஃது ஒப்பாகும். அந்த வண்டியை ஓட்டியவர் மூவர். அவர்களுள் எவரும் முழுத் தொலைவையும் ஓட்டவில்லை, மூவருமே வென்றனர்.

நெடும்பந்தயத்தின் இயல்பு

பெரும்பாலான பந்தயங்களில் தொலைவு வரையறுக்கப்பட்டிருக்கும்; அதை விரைந்து கடப்பவர் வெல்வார். நெடும்பந்தயங்கள் பலவற்றில் நேரம் வரையறுக்கப்பட்டிருக்கும். அந்நேரத்திற்குள் மிகுதியான தொலைவைக் கடப்பவர் வெல்வார். லெ மான் பந்தயம் 1923ஆம் ஆண்டு தொடங்கியபோது, மகிழுந்துகளின் விரைவைவிட அவற்றின் உறுதியைச் சோதிப்பதே நோக்கமாக இருந்தது. இரவு முழுதும் விளக்குகள் எரியுமா, பொறி சூட்டைத் தாங்குமா, தடைக்கருவிகள் மறுநாள் வரை பிடிக்குமா என்பவையே அன்றைய வினாக்கள். அவ்வாண்டு வென்ற வண்டி கடந்த தொலைவு 2,209 கிலோமீட்டர்.

வண்டியின் உறுதியைச் சோதிக்கத் தொடங்கிய பந்தயம், நாளடைவில் மனிதரின் உறுதியையும் சோதிப்பதாயிற்று. ஓட்டுநர் ஒருவர் தொடர்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, ‘பிட்’ எனப்படும் நிறுத்தகத்திற்கு வருவார். எரிபொருள் நிரப்பப்படும்; தேய்ந்த சக்கரங்கள் மாற்றப்படும். அதற்குள் அவர் இறங்கி, அடுத்தவர் ஏற வேண்டும். இறங்குபவரின் கடமை இறங்கியவுடன் முடிந்துவிடுவதில்லை. புதிதாக ஏறியவரின் தோளிலும் இடுப்பிலும் வார்களைப் பூட்டி இறுக்க அவரே உதவுவார். எந்த வளைவில் எண்ணெய் சிந்தியிருக்கிறது, தடைமிதி எவ்வாறு பிடிக்கிறது என்பவற்றை ஒருசில சொற்களில் உணர்த்துவார். பின்னர் அணியினர் அமைத்த சிறு படுக்கையில் ஓரிரு மணி நேரம் கண்ணயர்ந்து, நள்ளிரவிலோ விடியலிலோ மீண்டும் தம் முறைக்கு எழுவார்.

இத்தகைய பந்தயங்களில் தொழில்முறை ஓட்டுநர்களோடு, ஆர்வத்தால் மட்டுமே ஓட்ட வந்தவர்களும் கலந்துகொள்கின்றனர். பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பு ஓட்டுநர்களை பிளாட்டினம், பொன், வெள்ளி, வெண்கலம் என நான்கு நிலைகளாகப் பகுத்துள்ளது. வேறு தொழில் செய்துகொண்டு, விருப்பத்தால் பந்தயத்திற்கு வருவோர் பெரும்பாலும் வெண்கல நிலையினர். சில பிரிவுகளில், அணிதோறும் வெண்கல நிலையினர் ஒருவரேனும் இருந்தாக வேண்டும் என்பதே விதி. அவர் பெயரளவில் இருந்தால் போதாது; குறிப்பிட்ட நேரம் ஓட்டியும் ஆக வேண்டும். ஆகவே, அணியின் நிலையைப் பெரும்பாலும் அதன் மெதுவான ஓட்டுநரே முடிவு செய்கிறார். அவரைக் குறைகூறுவதைவிட அவருக்குக் கற்றுத் தருவதே அணிக்குப் பயன் தருகிறது.

இறங்க மறுத்தவர்

1952ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் பியர் லெவெக் என்னும் பிரெஞ்சு ஓட்டுநர் கலந்துகொண்டார். அவர் ஓட்டியது டால்போ வகை மகிழுந்து. அவருடன் மாறி ஓட்டுவதற்கு மற்றோர் ஓட்டுநரும் உடனிருந்தார். ஆனால், லெவெக் இருக்கையை விட்டு இறங்கவில்லை. மாலை போய் இரவு வந்தது. இரவு போய் விடியல் வந்தது. ஒவ்வொரு முறை வண்டி நின்றபோதும், துணை ஓட்டுநர் ஆயத்தமாக நின்றும், லெவெக்கே மீண்டும் புறப்பட்டார். பொறியில் ஏதோ அதிர்வை உணர்ந்த அவர், அதன் போக்கறிந்து ஓட்டத் தம்மால் மட்டுமே முடியும் என்று நம்பினார் என்பர்.

அவருடைய திறமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. புகழ்பெற்ற மெர்சிடிஸ் நிறுவனத்தின் வண்டிகளைப் பின்தள்ளி, பல சுற்றுகள் முன்னிலையில் அவர் ஓடிக்கொண்டிருந்தார். பந்தயம் முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரமே எஞ்சியிருந்தபோது, பொறி உடைந்து வண்டி நின்றது. களைப்பினால் பற்சக்கர நிலையை அவர் தவறாக மாற்றியதே காரணம் எனப் பலர் கருதினர்; பொறியில் முன்பே இருந்த பழுதே காரணம் என்பாரும் உளர். மெர்சிடிஸ் வண்டிகள் முதலிரண்டு இடங்களைப் பெற்றன. இருபது மணி நேரத்திற்கும் மேலாகத் தனியொருவராக ஓட்டிய லெவெக்குக்கு எந்த இடமும் கிடைக்கவில்லை.

அவருடைய செயலை வீரம் எனப் போற்றுவோர் இன்றும் உள்ளனர். அதில் வீரம் இருந்தது உண்மையே. எனினும், ஓட்டுவதற்கென்றே வந்து, ஒரு நாள் முழுதும் காத்து நின்ற துணை ஓட்டுநரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் ஓட்டியிருந்தால் வென்றிருப்பாரா என்பது எவருக்கும் தெரியாது. அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்பது மட்டும் தெரியும். இக்காலத்தில் லெ மானில் ஓட்டுநர் எவரும் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்திற்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தனியொருவரின் பிடிவாதத்திற்கு இன்று விதியே இடந்தருவதில்லை.

இறங்க நேர்ந்தவர்

தமிழ்நாட்டில் மகிழுந்துப் பந்தயத்திற்கு நெடிய மரபு உண்டு. 1953இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்து பின்னர் கைவிடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. அங்கு ஓட்டியவர்களுள் மிகப் பலர் தொழில்முறை ஓட்டுநர் அல்லர். தம் வண்டியைத் தாமே பிரித்துப் பூட்டி ஓட்டிய ஆர்வலர்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி மகிழுந்தின் பொறியைக் கொண்டு எளிய பந்தய வண்டியை வடிவமைத்து, இளைஞர் பலர் இக்களத்திற்கு வர வழிவகுத்தார்.

அந்நகரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். 2009இல் அவர் லெ மான் பந்தயத்திற்குத் தேர்வு பெற்றார். பயிற்சி ஓட்டங்கள் முடிந்தன. பந்தயம் தொடங்குவதற்குச் சற்றுமுன், நிறுத்தகச் சுவரிலிருந்து இறங்கும்போது விழுந்து, அவரது தோள்மூட்டு விலகியது. வாழ்நாள் வாய்ப்பு ஒரு நொடியில் கைநழுவியது.

மூவர் ஓட்ட வேண்டிய வண்டி, இருவர் பொறுப்பாயிற்று. ஆந்த்ரே லோட்டரர், சார்லஸ் ஸ்வோல்ஸ்மன் ஆகிய இருவரும் அதனை 24 மணி நேரமும் மாறி மாறி ஓட்டி, ஏழாம் இடத்தில் கொண்டு சேர்த்தனர். லோட்டரர் பின்னாளில் அதே பந்தயத்தில் மும்முறை வென்றார். துணைவர் ஒருவர் வீழ்ந்தபோது, அவரது பங்கையும் தம் தோளில் ஏற்றுக்கொண்ட அவ்விருவரின் உழைப்பு, வெற்றிக் கோப்பைக்குக் குறைந்ததன்று.

மூன்றாண்டுகள் கழித்து, 2012இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் ஆகியோருடன் இணைந்து அவர் பெற்றது ஆறாம் இடம். மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர் அவருடைய பாட்டனார் இந்து சந்தோக். சோழவரத்தில் தொடங்கிய ஓட்டம், மூன்றாம் தலைமுறையில் லெ மானை அடைந்தது.

தாமே இறங்கியவர்

திரைப்பட நடிகர் அஜித்குமார், இளமை முதலே மோட்டார் பந்தயத்தில் ஈடுபாடு கொண்டவர். நடிப்பு அவரது தொழில். பந்தயம் அவரது வேட்கை. அவர் 2024இல் தம் பெயரில் ஓர் அணியை அமைத்தார். 2025 சனவரியில் துபாயில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயம் அவ்வணியின் முதல் பெருங்களம்.

பந்தயத்திற்குச் சில நாள்களுக்கு முன், சனவரி 7ஆம் நாள் பயிற்சியின்போது அவரது வண்டி தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. அவர் காயமின்றி வெளியே வந்தார். வண்டி மீண்டும் ஆயத்தமாயிற்று. ஆயினும், தம் உடல்நலனையும் அணியின் நலனையும் எண்ணிப் பார்த்து, தம் பெயரைத் தாங்கிய அவ்வண்டியைத் தாம் ஓட்டுவதில்லை என அவர் முடிவெடுத்தார். வேறொரு பிரிவில், வேறோர் அணியின் வண்டியில் மட்டும் தம் பங்கை ஓட்டினார். அவரது அணியின் வண்டியை மற்ற ஓட்டுநர்கள் ஓட்டி, அதன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றுத் தந்தனர்.

அவரைக் காணவே மைதானத்திற்கு வந்திருந்தோர் பலர். ஊரே பார்த்திருக்கும் வேளையில், தமக்கென அமைத்த இருக்கையைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பது எளிதன்று. லெவெக்குக்கு இருந்த அதே வேட்கை அவருக்கும் இருந்தது; அவருக்கு முன்னும் அதே வினா நின்றது. விடை மட்டும் வேறாயிற்று.

மாணவர் களம்

இத்தகைய பந்தயங்களுக்குப் பெரும்பொருள் தேவை என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு பந்தய வண்டியின் சக்கரங்களுக்கு ஆகும் செலவே நெசவாளர் குடும்பம் ஒன்று நினைத்துப் பார்க்க இயலாதது. ஆயினும், இக்களத்தில் நுழைய மற்றொரு வாயிலும் உண்டு. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில், கரிவரதன் நினைவாகப் பெயரிடப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ‘பார்முலா பாரத்’ என்னும் போட்டி நடைபெறுகிறது. நாடெங்கிலுமிருந்து வரும் பொறியியல் மாணவர்கள், தாமே வடிவமைத்து உருவாக்கிய வண்டிகளுடன் இதில் கலந்துகொள்கின்றனர்.

அப்போட்டியின் கடுமையான கட்டம், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தாக்குப்பிடிப்பு ஓட்டம். லெ மானோடு ஒப்பிட்டால் இது சிறு தொலைவே. ஆனால், பாதித் தொலைவில் வண்டியை நிறுத்தி, மூன்று நிமிடங்களுக்குள் ஓட்டுநரை மாற்றியாக வேண்டும். அதுவரை நன்றாக ஓடிய வண்டிகள், சூடேறிய நிலையில் மீண்டும் இயங்க மறுத்து அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. ஓராண்டு உழைப்பு கண்முன்னே நிற்கும். அப்பொழுது இறங்கியவர் தாம் நன்றாகவே ஓட்டியதாகச் சொல்லலாம். ஏறியவர் தாம் இன்னும் தொடங்கவேயில்லை என்று சொல்லலாம். இரண்டும் உண்மை, இரண்டாலும் வண்டி நகராது. பழுதை ஒருங்கே தேடும் அணியே மறுஆண்டு மேம்பட்ட வண்டியுடன் வருகிறது.

கல்வியிலும் தொழிலிலும் பொதுவாழ்விலும் இத்தகைய நிறுத்தங்கள் வரும். முன்னவர் கொண்டுவந்த தொலைவை மதித்து ஏறுவதும், பின்னவர் செல்ல வேண்டிய தொலைவை எண்ணி இறங்குவதும் ஒருவர் கற்க வேண்டிய பயிற்சிகள். அவற்றுள் இரண்டாவது சற்றுக் கடினமானது. சின்னாளப்பட்டித் தறியிலிருந்து எழும் முதியவர் ஒருவர், அடுத்து அமர்பவருக்காக அறுந்த இழையை முடிந்து வைத்துவிட்டே எழுகிறார். அந்த முடிச்சு சேலையில் எவர் கண்ணிலும் படுவதில்லை. அது இல்லாவிடில் நெசவு தொடர்வதில்லை.

தெரிந்து தெளிவோம்

லெ மான் பந்தயத்தில் 1955ஆம் ஆண்டு நேர்ந்த விபத்தில் பார்வையாளர் எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்விபத்தில் ஓட்டுநர் பியர் லெவெக்கும் இறந்தார். இதன் பின்னரே பந்தயத் தளங்களில் பார்வையாளர் பாதுகாப்பு பெரிதும் வலுப்படுத்தப்பட்டது. பந்தய ஓட்டம் அதற்குரிய தளத்தில், உரிய பாதுகாப்புடன் மட்டுமே நிகழ்தல் வேண்டும். பொதுச்சாலை அதற்குரிய இடமன்று.

கற்பவை கற்றபின்…

1. லெவெக், அஜித்குமார் ஆகியோரின் முடிவுகளை ஒப்பிட்டு, ‘வேட்கையும் பொறுப்பும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் ஊரில் பலர் கைமாறி நிறைவுபெறும் தொழில் ஒன்றைக் கண்டறிந்து, அதில் ஈடுபடுவோரை நேர்கண்டு, அதன் படிநிலைகளைத் தொகுத்து எழுதுக.
3. 1952ஆம் ஆண்டு பந்தயத்தில் காத்து நின்ற துணை ஓட்டுநர், அன்றிரவு தம் நண்பருக்கு எழுதுவதாகக் கற்பனை செய்து கடிதம் ஒன்று வரைக.